ராட்டினத் தோட்டத்துச் சிங்கம்

ராட்டினத் தோட்டத்தில் சிங்கம் இருந்ததா என்று கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பதை நெருங்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்கக்கூட மாட்டார்கள். கூடலூரில் டீ ஆற்றுகிறவர் பார்த்திருக்கிறார். சின்னமனூரில் வாழைத்தார் ஏலம் விடுகிறவர் பார்த்திருக்கிறார். உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிற அம்மாள் அதைப் பார்த்துவிட்டு அந்த வயசில் காய்ச்சலிலேயே விழுந்திருக்கிறார். இத்தனை பேர் பார்த்த சிங்கத்தைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரியான பாண்டீஸ்வரி மட்டும் பார்த்ததில்லை. சிங்கமே இல்லை என்று ஒற்றை ஆளாகச் சாதித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

பாண்டீஸ்வரி எதையும் அரைகுறையாகச் சொல்லுகிற ஆள் கிடையாது. இல்லை என்றால் இல்லை. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை என்பதால் ஊர்க்காரர்கள் அவள் முன்னால் தலையாட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் சிங்கக் கதையைத் தொடருவார்கள். அவளுக்கும் அது தெரியும். போனால் போகிறது என்று விட்டுவைத்திருந்தாள்.

தோட்டத்தின் கதையும் கொஞ்சம் வேடிக்கையானதுதான். அவள் அப்பா சுருளியாண்டி முதலில் திராட்சை போட்டவர். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் போடுகிற ஒருவர் தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போகப்போகிறேன் என்று சொன்னபோது, அந்த ராட்டினத்தை வாங்கிவந்து திராட்சைப் பந்தலுக்கு நடுவில் நட்டார். கிணற்றில் தண்ணீர் இறைத்த ஆயில் இஞ்சினையே அதற்கும் பூட்டினார். காலையில் இஞ்சின் தண்ணீர் இறைக்கும், சாயங்காலம் ராட்டினம் சுற்றும். திராட்சை பறிக்க வந்தவர்கள் சுற்றினார்கள், பிறகு திராட்சை வாங்க வந்தவர்கள் சுற்றினார்கள், பிறகு சுருளி அருவிக்குப் போகிறவர்களெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கிச் சுற்றினார்கள். பந்தல் சுருங்கி ராட்டினம் பெருகியது. கலைந்துபோன ஒரு சர்க்கஸிலிருந்து ஒட்டகம் வந்தது. மான் வந்தது, மயில் தானாகவே வந்தது. சிறுத்தைக்கு என்று இரும்புக் கம்பி போட்டு, ஓடு வேய்ந்து, பெரிய கூண்டு ஒன்றும் கட்டினார். சிறுத்தைக்கு அனுமதி கடைசிவரை வரவில்லை. பின்னாளில் சட்டம் இறுகியபோது வனத்துறை வண்டி வந்து மான்களை ஏற்றிக்கொண்டு போனது. ஒட்டகம் வயசாகிச் செத்தது. இப்போது இருப்பது முயல், வாத்து, டிராகன் ரயில், கப்பல் ஊஞ்சல், பழைய ராட்டினம், ஒருநாளும் நிறையாத அந்தக் கூண்டு. சுருளியாண்டி காலமான பிறகு எல்லாவற்றையும் பாண்டீஸ்வரிதான் நடத்துகிறாள், அப்பா நடத்தியதைவிட நன்றாகவே.

வினை விஜய்ராஜ் ரூபத்தில் வந்தது. கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற பையன், யூடியூபில் ஊர்ச் செய்தி போடுவான். பங்குனி முடிகிற நேரம், காலிக் கூண்டுக்கு முன்னால் நின்று சோக இசையோடு ஒரு வீடியோ போட்டான். 'கம்பம் சிங்கம் எங்கே போனது?' என்று தலைப்பு. கீழே ஆயிரக்கணக்கில் சாட்சிகள் கிளம்பிவிட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்தது என்றார் ஒருவர். எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் ஒரே இடத்தில் கிடந்தது என்றார் இன்னொருவர். பட்டினி போட்டே கொன்று, இரவோடு இரவாகப் புதைத்துவிட்டார்கள் என்று முடித்துவைத்தார் மூன்றாமவர். இரண்டாவது வீடியோவில் மாலை போட்ட சுருளியாண்டியின் படத்தையே போட்டு, 'இந்த மனிதர் பதில் சொல்வாரா?' என்று கேட்டிருந்தான். செத்த மனுஷன் எப்படிப் பதில் சொல்வார் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் பாண்டீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. ஒட்டகத்துக்குக் காய்ச்சல் என்று அதன் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்த மனுஷன் அவர். மான்களை ஏற்றிப் போன அன்று வண்டிக்குப் பின்னால் ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் புல்லுக்கட்டோடு போனவர். அவரையா கொலைகாரன் என்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவே இல்லை.

ராட்டினம் ஓட்டுகிற பிச்சைமணி மெல்லச் சொன்னார்: "ஒருவேள இருந்திருக்குமோ ஆத்தா? எங்க சின்னம்மா கூடப் பாத்தேன்னு சொல்லும்."

"நீங்க பாத்தீகளா அண்ணே?"

"நான் பாத்தவுகளப் பாத்திருக்கேன்."

"அப்ப வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள்.

அடுத்த வாரம் வனத்துறை ஜீப் வந்தது. இறங்கியவர் புதிதாக வந்த ரேஞ்சர் ஜெஸ்லின். இராயப்பன்பட்டிக்காரர், கறார் ஆள் என்று பெயர். கூண்டைச் சுற்றி நடந்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். புகார் வந்திருக்கிறது, சிங்கம் என்ன ஆனது என்று தெரிகிறவரை பார்க் லைசென்சைப் புதுப்பிக்க முடியாது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவும் கோடை விடுமுறையும் சேர்ந்து வருகிற நேரம். அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டால் ராட்டினத் தோட்டம் மறு வருஷத்தைப் பார்க்காது. ஜெஸ்லினுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"மேடம், இல்லாத சிங்கத்துக்கு நான் எங்குட்டுப் போய்க் கணக்குச் சொல்ல? இங்கன சிங்கம் இருந்ததே இல்ல."

"இருந்துச்சும்மா."

"யாரு சொன்னா?"

ஜெஸ்லின் கூண்டின் பக்கம் திரும்பினார். "நான் பாத்தேன். அஞ்சு வயசு எனக்கு. எங்கப்பா தோள்ல தூக்கிக் காமிச்சாரு. வாயத் தொறந்துக்கிட்டு அப்படியே இருந்துச்சு. பசியோன்னு நெனச்சு ரெண்டு நாள் நான் சோறு திங்கல. இந்த வேலைக்கு நான் வந்ததே அந்தச் சிங்கத்தாலதான்."

விசாரிக்க வந்தவரே சாட்சியாகவும் நின்றால் வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். பாண்டீஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சரி மேடம். பத்து நாள்ல அந்தச் சிங்கத்த உங்க கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்துறேன். அப்பப் பாத்துட்டு எழுதுங்க" என்றாள். எதை வைத்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்ன பிறகு அது நடந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் அப்படித்தான்.

பார்த்தவர்களைத் தேடிக் கிளம்பினாள். சிங்கம் இருந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு புராணம் வரும் என்பது தெரியும். அதனால் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: நீங்கள் பார்த்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது?

டீக்கடைக்காரர் வாயைத் திறந்திருந்தது என்றார். வாழைத்தார்க்காரர் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டிருந்தது என்றார். எந்தக் கால் என்றதற்கு எழுந்து நின்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். பள்ளிக்கூடத்து அம்மாளும் அதே வலது கையைத்தான் தூக்கினார். யாரும் அது நடந்து பார்க்கவில்லை, தின்று பார்க்கவில்லை, படுத்தும் பார்க்கவில்லை. ஆனால் உறுமியதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம், வருஷக்கணக்கில் காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிற சிங்கம் எது என்று அவள் மண்டையைக் குடைந்தது.

முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தவர் கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருக்கிற ஷரீப். அவர் வாப்பா சுருளியாண்டியின் திராட்சையை வாங்கியவர், அந்தப் பழக்கத்தில் சின்ன வயசில் தோட்டமே கதியென்று கிடந்தவர் ஷரீப். மண்டியில் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையைக் கழுவி அவள் கையில் கொடுத்தார்.

"அது என்ன பண்ணுச்சுன்னு சொல்ல முடியாது தங்கச்சி. முன்னால மூங்கில் தட்டி கட்டியிருந்தாக. சந்து வழியாத்தான் பாக்கணும். உள்ள இருட்டு. வெளக்கு ஒண்ணு எரியும். அந்த வெளிச்சத்துல கண்ணு மட்டும் தகதகன்னு இருக்கும்."

"கூண்டுக்குள்ள எதுக்குண்ணே வெளக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் ஆனா உங்கப்பா ஏத்துவாரு. இன்னொண்ணு, செருப்பக் கழட்டிட்டுத்தான் கிட்டக்கப் போகணும். கண்டிசன். செருப்புச் சத்தம் கேட்டா சிங்கம் முழிச்சிரும்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம். பெரியவுகளே அது முன்னால வந்ததும் கையெடுத்துக் கும்புடுவாக. அம்புட்டுப் பயம்."

பாண்டீஸ்வரியின் கையில் இருந்த திராட்சை பாதி வழியில் நின்றது. வாய் திறந்திருக்கிறது, வலது கால் தூக்கியிருக்கிறது, விளக்கு எரிகிறது, செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், கும்பிடுகிறார்கள். "அண்ணே, அதோட நெத்தியில ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஷரீப் யோசித்தார். "செவப்பா என்னமோ இருந்துச்சு. அடிபட்ட காயம்னு நெனச்சேன்."

பாண்டீஸ்வரி சிரித்த சிரிப்பில் மண்டிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷரீப் திகைத்துப்போய், என்ன தங்கச்சி, என்ன தங்கச்சி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அது காயம் இல்லண்ணே, குங்குமம். நீங்க பாத்தது எங்க ஊரு அம்மனோட வாகனம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

நேராக ஊர் அம்மன் கோயிலுக்குப் போனாள். திருவிழாவில் அம்மன் ஏறி வருகிற மரச்சிங்கம் வாகன அறையில் துணி போர்த்தி நின்றது. எத்தனையோ திருவிழாவில் பார்த்ததுதான். துணியை விலக்கினால் திறந்த வாய், சிவந்த நாக்கு, கண்ணாடிக் கண், தூக்கிய வலது கால். கோயில் நிர்வாகம் பார்க்கிற ஈஸ்வரபாண்டி, அவளுக்கு முறையில் மாமா, கணக்கோடு மல்லாடிக்கொண்டிருந்தார். இந்த வாகனம் எப்போதாவது நம் தோட்டத்தில் இருந்ததா என்று கேட்டாள்.

"ஆமா, திருப்பணி நடந்தப்ப" என்றார் அவர், என்னமோ நேற்று நடந்த மாதிரி. "கோயிலப் பிரிச்சுப் போட்டாச்சு. மழைக்கு நனையாம, பூட்டிவைக்கிற மாதிரி எடம் ஊருக்குள்ள ஏது? சிலையும் வாகனமும் களவு போயிக்கிட்டிருந்த காலம் வேற. உங்கப்பா கூண்டுதான் இரும்புக் கம்பி, ஓட்டுக் கூரை. ராவோட ராவாக் கொண்டுபோயி வச்சோம். அம்மன் வாகனத்துக்கு வெளக்கு இல்லாம இருக்கக் கூடாதுல்ல, அத உங்கப்பா பாத்துக்கிட்டாக. நீ அப்ப ஆண்டிபட்டியில உங்க ஆத்தா வயித்துல இருந்த."

"இத ஏன் மாமா யாரும் சொல்லல? ஊரே சிங்கம்னு பேசுதே?"

"தெரிஞ்ச பெரியவுக நாலஞ்சு பேருதான். மத்தவுக கும்புட்டுட்டுப் போனாக. பிள்ளைக சந்து வழியாப் பாத்துட்டுச் சிங்கம் சிங்கம்னுச்சுக. சிங்கந்தான, அதுல என்ன தப்பு?"

"எங்கப்பாகிட்ட நான் எத்தன தடவ கேட்டிருப்பேன். சிங்கம் வச்சா கறிக்கு எங்குட்டு ஆத்தா போறதுன்னு சிரிச்சுக்கிட்டே போயிருவாரு. ஒரு வார்த்த சொன்னதில்லையே."

ஈஸ்வரபாண்டி பேனாவைக் கீழே வைத்தார். "எப்படிச் சொல்லுவாக? வாகனம் இருக்க எடத்த யாருகிட்டயும் வாய் தொறந்து சொல்லமாட்டேன்னு அம்மன் முன்னால சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னோம். பண்ணுனாக. கும்பாபிஷேகம் முடிஞ்சு வாகனம் கோயிலுக்கு வந்த சந்தோசத்துல, இனிமே சொல்லிக்கலாம்ப்பான்னு அவுகள விடுவிக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. நாங்க மறந்துட்டோம் ஆத்தா. அவுக மறக்கல."

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் செய்கிற சத்தியம் அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. செய்தவனை அம்மனோ, கேட்டவர்களோதான் விடுவிக்க முடியும். இத்தனை வருஷமும் சிங்கம் எங்கே, சிங்கம் எங்கே என்று வந்தவனெல்லாம் கேட்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையை மனுஷன் தன் மகளிடம்கூடச் சொல்லாமல் கொண்டுபோய்விட்டார். பாண்டீஸ்வரி வாகன அறை வாசலில் நின்று அழுதாள். வருத்தமும் பெருமையும் கலந்த அழுகை, பெருமைதான் அதிகம். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாமா, வாகனம் ஒரு சாயங்காலத்துக்கு எனக்கு வேணும்" என்றாள்.

"திருவிழாவுக்கு இல்லாம வாகனம் வெளிய போகாது."

"எங்கப்பா வாயக் கட்டுனது நீங்க. இப்ப அவரக் கொலகாரன்னு சொல்றாக. அவருக்காகப் பேச அந்தச் சிங்கத்த விட்டா வேற ஆளு இல்ல."

ஈஸ்வரபாண்டி அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டார். வெள்ளைப் பூ வந்தால் போகலாம் என்று வைத்துக் கேட்டதற்கு வெள்ளையே வந்தது. பாண்டீஸ்வரி கேட்கும்போது அம்மனே வேறு பூவைக் கொடுத்திருப்பாளா என்று ஊரில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிராக்டரில், மேளத்தோடு சிங்கம் தோட்டத்துக்குள் நுழைந்து கூண்டில் ஏறியது. முன்னால் மூங்கில் தட்டி கட்டினார்கள். பாண்டீஸ்வரியே உள்ளே போய்க் குங்குமம் வைத்து விளக்கேற்றினாள். அதன் பிறகுதான் சாட்சிகளை வரச்சொன்னாள். டீக்கடைக்காரர், வாழைத்தார்க்காரர், பள்ளிக்கூடத்து அம்மாள், ஷரீப், பாண்டீஸ்வரி விட்ட சவாலைக் கேட்டதிலிருந்து தூங்காத மூஞ்சியோடு விஜய்ராஜ், எல்லாரும் வந்தார்கள். ஜெஸ்லின் யூனிபாரத்தில் ஜீப்பை விட்டு இறங்கி நேராகக் கூண்டை நோக்கி நடந்தார்.

"மேடம், ஷூவக் கழட்டணும்" என்றாள் பாண்டீஸ்வரி.

ஜெஸ்லின் முகம் சுளித்துக்கொண்டே குனிந்தார். கயிற்றில் வைத்த கை அப்படியே நின்றுபோனது. "எங்கப்பா இங்கனதான் உக்காந்து என் ஷூவக் கழட்டிவிட்டாரு" என்றார் மெல்ல. ரேஞ்சரின் கறார் அந்தக் குரலில் இல்லை. வெறுங்காலோடு தட்டியின் சந்தில் கண்ணை வைத்தார்.

பாண்டீஸ்வரி கையைக் காட்டினாள். கூண்டுக்குப் பின்னால் ஷெட்டில் காத்திருந்த பிச்சைமணி, அப்பா காலத்தில் சாயங்காலந்தோறும் ராட்டினத்தைச் சுற்றிய, இப்போது கரண்டு போனால் மட்டும் ஓட்டுகிற அந்தப் பழைய ஆயில் இஞ்சினின் ஹேண்டிலைச் சுற்றினார். இஞ்சின் முதலில் அடித்தொண்டையில் உறுமியது, அப்புறம் தோட்டமே அதிரக் கத்தியது. தட்டி நடுங்கியது, விளக்கு ஆடியது, உள்ளே இரண்டு கண்கள் அசைந்தன. ஜெஸ்லின் ஓரடி பின்னால் வந்தார். டீக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான்" என்றார் ஷரீப். "இதேதான்." மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். வாழைத்தார்க்காரர் மட்டும், தான் பார்த்தது இதைவிடப் பெரிசு என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஈஸ்வரபாண்டி திருப்பணிக் கதையையும் சூடம் அணைத்த கதையையும் எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசில் மாட்டியிருந்த சுருளியாண்டியின் படத்தைப் பார்த்து, "இனிமே சொல்லிக்கலாம்ப்பா" என்றார். விஜய்ராஜ் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன், அந்த இடத்தில் அதைக் கீழே இறக்கிவிட்டான். அன்று இரவே பழைய வீடியோக்களை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் புதிதாக ஒன்று போட்டான். அது முதல் வீடியோவைவிட அதிகம் ஓடியது.

ஜெஸ்லின் ஜீப்பில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். மேற்படி பூங்காவில் எக்காலத்திலும் சிங்கம் வளர்க்கப்படவில்லை, உரிமையாளர் காலஞ்சென்ற சுருளியாண்டி மீதான புகாரில் உண்மை இல்லை. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு பாண்டீஸ்வரியைப் பார்த்து, "நல்லவேள, பட்டினி கெடக்கல" என்று மட்டும் சொன்னார். சிரிக்க முயன்றார். அவ்வளவாக முடியவில்லை. பாண்டீஸ்வரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் அது ஒன்றுதான் உறுத்தியது.

லைசென்ஸ் வந்தது. சித்திரையில் கூட்டம் அள்ளியது. பாண்டீஸ்வரி கூண்டுக்கு முன்னால் பெரிய போர்டு வைத்தாள்: 'இந்தக் கூண்டில் சிங்கம் இருந்ததில்லை. எங்கள் அம்மனின் வாகனம் இருந்தது. காத்தவர் சுருளியாண்டி.' வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாகனம் கோயிலுக்குத் திரும்பிவிட்டது, மூங்கில் தட்டியை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. உள்ளே விளக்கும் சாயங்காலந்தோறும் எரிந்தது. வாகனம் இருந்த இடத்தில் அப்பா ஏற்றிய விளக்கு, ஏன் நிறுத்தவேண்டும் என்று நினைத்தாள்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுநாள், கூட்டம் குறைந்த நேரம், டிக்கெட் கவுண்டரிலிருந்து பார்த்தாள். சேலை கட்டிய ஒரு பெண், கையில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை. யூனிபாரம் இல்லாததால் ஜெஸ்லினை அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அவர் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த போர்டில் எழுதியிருப்பதை முதலில் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். இப்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டியிட்டுக் குழந்தையின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாம பாக்கணும்" என்றார். "அம்மா இங்கனதான் சிங்கம் பாத்தேன்."

குழந்தையைத் தோளில் தூக்கித் தட்டிக்கு அருகே கொண்டுபோனார். குழந்தை சந்தில் கண்ணை வைத்தது. உள்ளே இருட்டு, விளக்கு, வேறு ஒன்றும் இல்லை.

எத்தனையோ பேரின் வாயை அடைத்த பாண்டீஸ்வரி கவுண்டரை விட்டு வெளியே வந்தாள். கூண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க ஷெட்டுக்குப் போனாள். கரண்டு இருந்தது, ராட்டினம் மோட்டாரில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பிச்சைமணி அண்ணே, ஹேண்டிலச் சுத்துங்க" என்றாள்.